உள்ளரங்க லீக்கில் தம்பியின் பெயர்

12 ஒக்டோபர் 1993, செவ்வாய்

புதுக் கொப்பி. காலையிலிருந்து மழை. மோர்டனிலிருந்து வரும் பஸ் பிந்தியது. அலுவலக ஹீட்டர் மறுபடியும் வேலை செய்யவில்லை. கோட்டைக் கழற்றாமலே டைப் அடித்தேன்.

வேலைகள்:
– ஆறு அணிகளின் பதிவுப் படிவங்கள் (ஐந்து வந்தாயிற்று)
– முதல் நான்கு கிழமை ஆட்ட அட்டவணை
– மைதானப் பலகைச் சுவரில் ஓர் ஆணி வெளியே நிற்கிறது. தச்சனுக்குச் சொல்ல
– அம்மாவின் பிரஷர் மாத்திரை

மூன்றாவது சீசன் தொடங்குகிறது. ஹாரிஸ் (லீக்கைத் தொடங்கியவர், என் முதலாளி, இனி ஹா.) இன்றைக்கு விசிலடித்துக்கொண்டு திரிந்தார். முட்டி இரண்டும் போன மனிதர், படியேறும்போது மட்டும் விசில் நிற்கும்.

மத்தியானம் ஆறாவது உறை வந்தது. டூட்டிங் அணி. பன்னிரண்டு படிவங்கள். ஒன்பதாவதை எடுத்தேன்.

பெயர் கந்தையா குகநேசன். பிறந்த திகதி தம்பியுடையது. பிறந்த ஊர் தம்பியுடையது. தகப்பன் பெயர் எங்கள் ஐயாவுடையது. ஒட்டியிருந்த படம் மட்டும் வேறு யாரோ.

கவிழ்த்து வைத்தேன். தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து நிமிர்த்திப் பார்த்தேன். அதே எழுத்து, அதே திகதி.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மாத்திரை வாங்க மறந்து போனேன்.

16 ஒக்டோபர், சனி

முதல் ஆட்ட நாள். வெயில், ஆனால் குளிர். பின்னேரம் மூன்று ஆட்டங்கள்.

என் அறை மேல்மாடியில். கண்ணாடியூடாக முழு மைதானமும் தெரியும். ஒரு காலத்தில் ரோலர் ஸ்கேட்டிங் மண்டபம். இப்போது மரத்தரைக்கு மேல் பிளாஸ்டிக் புல், சுற்றிவர இடுப்பளவு பலகைச் சுவர், அதற்கு மேல் கண்ணாடி. பந்து வெளியே போகவே போகாது. பலகையில் அடித்துத் திரும்பி உள்ளே வரும். ஆட்டம் நிற்காது. அந்தத் தடால் தடால் சத்தம் தலைக்குள்ளேயே இருக்கும், ஞாயிறு மத்தியானம் வரை.

ஒலிபெருக்கியில் பற் (ஐரிஷ்காரர், நல்ல குரல்) ஒவ்வொரு பெயராக வாசித்தார். டூட்டிங் அணி, ஒன்பதாம் இலக்கம்: "கூகா நேஸன்." எழுந்து நின்றுவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

வந்தவன் நெடுவல். அகன்ற தோள். முன்பக்கம் கொஞ்சம் வழுக்கை. இடது காலால் அடிக்கிறான். இரண்டு கோல்.

தம்பிக்குப் பந்து என்றாலே ஆகாது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி நாளில் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிடுவான். கண்ணாடி இல்லாமல் எதிரே நிற்பவரைத் தெரியாது அவனுக்கு. இரண்டு தரம் நூற்றுக்கணக்கானவர்கள் அவன் பெயருக்குக் கைதட்டினார்கள் இன்றைக்கு.

19 ஒக்டோபர், செவ்வாய்

தூறல். ஹா. கேட்டார், நிகழ்ச்சிப் புத்தகத்துக்கு லீக்கின் வரலாறு ஒரு பக்கம் எழுது என்று. அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

எண்பதுகளில் நான்கு குளிர்காலம் அமெரிக்காவில் விளையாடினாராம். அங்கே ஐஸ் ஹொக்கி மண்டபங்களில் ஐஸுக்கு மேல் கம்பளம் விரித்து, ஆளுக்குச் சம்பளம் கொடுத்து உள்ளரங்கக் கால்பந்து நடத்தினார்கள். அணிக்கு ஆறு பேர். நான்கு கால் பகுதிகள். முரட்டாட்டம் ஆடினால் இரண்டு நிமிடம் வெளியே ஒரு பெட்டிக்குள் இருக்க வேண்டும். சனம் குடும்பத்தோடு வந்ததாம். முட்டி போய்த் திரும்பியவர் இங்கே அதையே செய்யலாம் என்று ஆள் ஆளாகக் கேட்டுத் திரிந்திருக்கிறார். மூடின ஒரு ஐஸ் மண்டபத்திலிருந்து முதல் பலகைகளை லொறியில் கொண்டுவந்தார். முதல் நாள் பார்க்க வந்தவர்கள் விளையாடியவர்களை விடக் குறைவு.

"எல்லாரும் பைத்தியம் என்றார்கள், மிஸ் கந்தையா."

நல்ல வரலாறு. தொடக்கம் இருக்கிறது, யார் என்ன செய்தார் என்று இருக்கிறது.

எங்களுடையதை எழுதினால் நான்கு வரி வராது. தம்பி கொழும்பு லொட்ஜ் ஒன்றில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனுக்காகக் காத்திருந்தான். போனில் கதைத்தான். வேலையிடத்தில் எனக்கு முன்னால் ஆள் நின்றது, பிறகு எடு என்றேன். பிறகு இல்லை. வருகிற மாசியோடு மூன்று வருடம். ஏஜென்சிக்காரன் "ஆள் எயார்போட்டுக்கு வரேல்லை" என்றதோடு சரி. எழுதாத இடம் இல்லை. அம்மா இன்றைக்கும் தம்பிக்கென்று ஒரு கோப்பையைக் கூடவே கழுவிக் கவிழ்க்கிறா.

28 ஒக்டோபர், வியாழன்

காற்று. குடை முறிந்தது.

இன்னோர் அணியின் மனேஜரிடமிருந்து முறைப்பாடு. எங்கள் விதி 14: ஒவ்வோர் அணியும் இருபத்தாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட இருவரைச் சேர்க்க வேண்டும். டூட்டிங்கின் ஒன்பதாம் இலக்கத்துக்கு இருபத்தைந்து என்று எழுதியிருக்கிறதாம், ஆளைப் பார்த்தால் முப்பதுக்கு மேலாம். விசாரிக்கவும்.

பதிவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. செவ்வாய்க்கு முதல் பதில் வேண்டும் என்றார் ஹா.

சரியில்லை என்று நான் ஒரு வரி எழுதினால் போதும். அவனுடைய ஹோம் ஒபிஸ் அகதிக் காகிதம் முழுக்க அந்தப் பெயரில்தானே இருக்கும். யாராவது இழுத்தால் எல்லாம் அவிழும். திருப்பி அனுப்புவார்கள்.

ஆனால் அந்தப் பெயர் அவனுக்கு எப்படி வந்தது?

31 ஒக்டோபர், ஞாயிறு

அம்மாவிடம் மரக்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, படிவத்தில் இருந்த விலாசத்தைத் தேடி டூட்டிங் போனேன். பொய்யும் இல்லை, முருங்கைக்காய் வாங்கினேன்.

அவன் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் வேலை செய்கிறான். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்றான். என்னைக் கண்டதும் கையைத் துடைத்தான்.

"நீங்கள் வருவியள் எண்டு தெரியும், அக்கா. லீக் கடிதத்தில உங்கட கையெழுத்தைப் பாத்தனான்."

"என்னைத் தெரியுமோ?"

"குகன் உங்கட படம் காட்டினவர். லொட்ஜில ஒரே அறை. பதினொரு நாள்."

உட்கார ஒரு பெட்டியைக் கவிழ்த்துத் தந்தான். தான் நின்றுகொண்டே சொன்னான். சொன்னதை அப்படியே எழுதப் பார்க்கிறேன், பிறகு மாறிவிடும்.

அறையில் ஐந்து பேர். ஒருநாளைக்கு ஒருவர் என்று முறை வைத்துக் கீழே போய்ச் சாப்பாட்டுப் பார்சல் வாங்கி வருவார்கள். மற்றவர்கள் வெளியே தலை காட்டுவதில்லை. சிவராத்திரிக்கு அடுத்த நாள் காலை முறை இவனுடையது. இவனுக்குக் கால் வீங்கியிருந்தது. தம்பி, "நீர் இரும், நான் போறன்" என்று செருப்பை மாட்டினானாம். முச்சந்தியில் ஆள் பிடிக்கிற வெள்ளை வான் ஒன்று நின்றதாகப் பிறகு கடைக்காரன் சொன்னான். அவ்வளவுதான். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

"ஏன் நீங்கள் எங்களுக்கு அறிவிக்கேல்லை?"

"ரெண்டு நாளால ஏஜென்சிக்காரன் வந்து, பாஸ்போட் சும்மா கிடக்குது, படத்தை மாத்திறன், நீ ஏறு எண்டான். ஏறினன். ஏறின பிறகு என்னெண்டு சொல்லுறது, அக்கா?"

பெட்டியிலிருந்து எழுந்தேன். அடிப்பேன் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். உண்மையாகவே.

வாசல் வரை வந்தான். "பற் அந்தப் பேரைக் கூப்பிடேக்க ஒவ்வொரு முறையும் எனக்குப் பின்னால அவர் எழும்பி வாறமாதிரி இருக்கும். திரும்பிப் பாக்கிறேல்லை. பந்தைத்தான் பாக்கிறனான்."

தன் சொந்தப் பெயரையும் சொன்னான். இங்கே எழுதவில்லை.

2 நவம்பர், செவ்வாய்

வெளியே நல்ல வெயில். ஹா. மேசையில் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனுடைய படிவம். என்னுடைய சம்பளச் சீட்டு.

"ஒரே குடும்பப் பெயர். சொந்தமா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தம்பி," என்றேன். "வயது சரி. எனக்குத் தெரியும்."

எழுந்து வந்து கை குலுக்கினார். இவ்வளவு நாளும் சொல்லவில்லையே என்றார். சலுகை கேட்கக்கூடாது என்று இருந்தேன் என்றேன். என்ன வேகமாக வருகிறது பொய்! படிவத்தில் 'சரிபார்க்கப்பட்டது' முத்திரை குத்திக் கையெழுத்திட்டேன்.

தம்பி காணாமல் போனான் என்று எத்தனை அரசாங்கக் கந்தோர்களுக்கு எழுதியிருப்பேன். இன்றைக்கு அதே கையால், இருக்கிறான் என்று.

20 நவம்பர், சனி

மூன்று கோல். சனம் பலகையில் தட்டித் தட்டிக் கத்தியது. "கூ-கா! கூ-கா!"

கண்ணாடியை மூடினாலும் கேட்கிறது. அறைக் கதவு இரண்டு தரம் தானாகத் திறந்தது. கொளுக்கி பழுது, தச்சனுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு தரமும் யார் என்று கேட்டேன். தமிழில்.

28 நவம்பர், ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுத வேண்டும்.

நிகழ்ச்சிப் புத்தகத்தில் ஹா. ஒரு வரி சேர்த்திருக்கிறார். நல்ல மனதோடுதான். "நமது லீக் செயலாளரின் தம்பி, டூட்டிங்கின் நட்சத்திரம்." நான் கடைசிப் புரூப் பார்க்கவில்லை.

கோயிலில் இன்றைக்கு ஒரு மனிசி அம்மாவிடம்: "மகன் நல்லா விளையாடுறாராம். என்ர பெடியன் போய்ப் பாத்தவன். புத்தகத்திலயும் போட்டிருக்கு."

நான் செருப்பு விட்ட இடத்தில் நின்றேன். அம்மா படியால் இறங்கி வந்தா, ஓடாத குறை. முகத்தைப் பார்க்க ஏலாது.

"குகன் வந்திட்டானோ? எப்ப வந்தவன்? எனக்கேன் சொல்லேல்லை?"

தெருவில் வைத்தே சொன்னேன். எல்லாம். படிவம், அரிசி மூட்டை, பார்சல், வான், முத்திரை. அம்மா என் கோட்டுக் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தா. முடிந்ததும் விட்டா. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தா.

வீட்டில் மத்தியானம் சோறு போட்டுத் தந்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான். "சனிக்கிழமை நான் வாறன். பாக்கோணும்."

"அம்மா, அது வேற ஆள்."

"ஓம், விளங்குது. பாக்கோணும்."

4 டிசெம்பர், சனி

பனிமூட்டம். மூன்று மணிக்கே இருட்டு.

அம்மா நல்ல சேலை உடுத்தி, மேலே என் பழைய கோட். மேல் அறைக்கு வரமாட்டேன் என்றுவிட்டா. பலகைச் சுவருக்குப் பக்கத்தில், முதல் வரிசை. ஹா. தானே தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தார், "தாயார்!" என்று.

பற் பெயரை வாசித்தார். அம்மா எழுந்து நின்றா. அவன் ஓடி வந்தான், பார்த்தான், நின்றான். யாரென்று தெரிந்துவிட்டது. தம்பியின் மூக்கு அம்மாவுடையது.

அன்றைக்கு ஒரு பந்தும் சரியாகப் போகவில்லை அவனுக்கு. இரண்டு தரம் பலகையில் போய் மோதினான்.

ஆட்டம் முடிந்து சனம் போன பிறகு வந்தான். வியர்வையோடு அம்மாவுக்கு முன்னால் நின்றான். அம்மா நிமிர்ந்து பார்த்தா. நெற்றி, கை, கால், சப்பாத்து.

"இரு, பிள்ளை."

கீழே தரையில் இருந்தான்.

"அண்டைக்கு என்ன உடுப்புப் போட்டிருந்தவன்?"

"நீலக்கோடு போட்ட சேட், அம்மா. சாரம். கண்ணாடிக்கு ஒரு கால் நூலாலை கட்டியிருந்தது."

"சாப்பிட்டவனோ?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தலை குனிந்தேன்.

"இல்லை, அம்மா. முதல் நாள் சிவராத்திரி விரதம். முழிச்சிருந்தவர். விடியப் பாறணைக்கு நானே வாங்கியாறன் எண்டுதான்..."

"பசியோடயோ போனவன்."

அது கேள்வி இல்லை. அம்மா கையை நீட்டி அவன் தலையில் வைத்தா. வாழ்த்தவா, தள்ளவா, தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. தரை துடைப்பவர் வந்து விளக்கை அணைக்கலாமா என்று கேட்டார்.

18 டிசெம்பர், சனி

அம்மா இன்றைக்கும் வந்தா. போன கிழமையும் வந்தா. அவனோடு பேசுவதில்லை. பெயரை வாசிக்கும்வரை இருப்பா, வாசித்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவா. ஆட்டம் பார்ப்பதில்லை.

ஹா. குழம்பிப் போனார். "ஆட்டம் பிடிக்கவில்லையா அவருக்கு?"

"குளிர்," என்றேன்.

கூடவே கழுவுகிற கோப்பை இன்னும் அங்கேதான்.

15 ஜனவரி 1994, சனி

ஸ்னோ வரும் போல. வரவில்லை.

இன்றைக்குப் பற்றுக்குத் தடிமன், மூக்கடைப்பு, குரல் இல்லை. ஹா. மைக்கை என்னிடம் தந்தார். பன்னிரண்டு பெயர், பிறகு பன்னிரண்டு பெயர். ஒன்பதாவதுக்கு வந்ததும் நின்றேன். முழு மண்டபமும் காத்திருந்தது.

"கந்தையா குகநேசன்."

ஒருவரும் அதுவரை அந்த மண்டபத்தில் அதைச் சரியாகச் சொன்னதில்லை. என் குரல் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது, சின்ன வயதில் கிணற்றடியிலிருந்து அவனைச் சாப்பிடக் கூப்பிடுகிற அதே இழுவையோடு. அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டா. அவன் ஓடிவரவில்லை. ஆட்டக்காரர் காத்திருக்கும் அடைப்புக்குள் நின்றுகொண்டிருந்தான். யாரோ முதுகில் தள்ளித்தான் உள்ளே வந்தான்.

இனி நான் வாசிக்கமாட்டேன் என்று ஹா.விடம் சொல்லிவிட்டேன்.

8 பெப்ரவரி, செவ்வாய்

ஹா. கூப்பிட்டு இருக்கச் சொன்னார். விசில் இல்லை.

மண்டபத்தைக் கம்பளக் கடைக்காரர் எடுக்கிறார்கள். இரண்டு அணிகள் ஏற்கெனவே விலகிவிட்டன. இந்த மாதக் கடைசியோடு லீக் முடிகிறது. இன்னொரு மண்டபம் தேடலாமே என்றேன். ஜன்னலூடாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பலகைகளை எங்கே வைப்பது, மிஸ் கந்தையா? என் வீட்டுத் தோட்டம் அவ்வளவு பெரிது இல்லை."

சிரிக்கப் பார்த்தார். எனக்குச் சான்றுக் கடிதம் தானே எழுதித் தருவதாகச் சொன்னார். தம்பிக்கும் ஓர் அணி பார்க்கிறாராம், வெளி மைதானத்தில். நன்றி சொன்னேன்.

26 பெப்ரவரி, சனி

கடைசி ஆட்ட நாள். மழை. முன்னெப்போதும் இல்லாத கூட்டம், மூடுகிறார்கள் என்றதும் வந்திருக்கிறார்கள்.

பற் பெயரை வாசித்தார். அம்மா இந்த முறை எழும்பிப் போகவில்லை. கடைசி வரை இருந்தா. அவன் ஒரு கோல். டூட்டிங் தோற்றது.

வெளியே பஸ் நிறுத்தத்தில் அவனும் வந்து எங்களோடு நின்றான், ஈரத் தலையோடு. அம்மா முன்னுக்குப் பார்த்தபடி சொன்னா.

"இனி ஆர் அவன்ர பேரைக் கூப்பிடப் போகினம்?"

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

"சிவராத்திரி எப்ப வருது?"

"மார்ச் பத்து, அம்மா." அவன்தான் சொன்னான். உடனே சொன்னான். எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறான்.

"அடுத்த நாள் வேலைக்கு லீவு எடு. நீதான் செய்யோணும். எனக்கு வேற பொடியன் இல்லை."

"நான் எப்பிடி அம்மா... நான் அவற்ற பேரிலயெல்லோ..."

"அதுதான் சொல்லுறன்."

பஸ் வந்தது. அம்மா முதலில் ஏறினா.

9 மார்ச், புதன்

அலுவலகம் வெறுமை. படிவங்களைப் பெட்டியில் போட்டு ஹா.வின் காரில் ஏற்றினேன். கீழே பலகைகளைக் கழற்றுகிறார்கள். பந்து இல்லாமலே தடால் தடால்.

வாங்க: எள், தர்ப்பை (ஐயர் கொண்டுவருவார்), வாழைக்காய், பச்சரிசி, பால்.

அம்மா மூன்று வருடம் இந்தத் திவசத்துக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. செய்தால் கொன்றதாகிவிடும் என்றா. இப்போது லிஸ்ட்டை அவவே சொல்ல நான் எழுதுகிறேன். இப்போது ஏன் என்று கேட்க நினைத்தேன். வாழைக்காய் எத்தனை என்று கேட்டேன்.

11 மார்ச், வெள்ளி

மெல்லிய வெயில். கோயிலின் பின்மண்டபம். நாங்கள் மூன்று பேர், ஐயர்.

அவன் வேட்டி கட்டி, மேலுக்கு ஒன்றுமில்லாமல் சப்பாணி கட்டி இருந்தான். முழங்காலில் பிளாஸ்டிக் புல் உரசிய காயங்கள். தோளை ஒடுக்கிக்கொண்டான். ஹீட்டர் இருந்தது.

ஐயர் தர்ப்பையை விரலில் மாட்டிவிட்டுக் கேட்டார்.

"ஆருக்குச் செய்யிறது? பேர்?"

"குகநேசன்," என்றான். தெளிவாகத்தான் சொன்னான்.

ஐயர் மந்திரத்தில் அதைச் சேர்த்துச் சொன்னார். அம்மா கண்ணை மூடவில்லை. எள்ளும் தண்ணீரும் அவன் கையால் விழுந்தது. பாலை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"செய்யிறவற்ற பேர்?"

அவன் விரலில் இருந்த தர்ப்பையைப் பார்த்தான். ஐயர் நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, உம்மட பேர்?"

அவன் உதடு அசைந்தது. ஹோம் ஒபிஸுக்குத் தெரியாத, டூட்டிங்கில் ஒருவருக்கும் தெரியாத பெயர். நான் ஒரு முறை கேட்டது, அரிசி மூட்டைகளுக்கு நடுவில்.

"கேக்கேல்லை," என்றா அம்மா. "பெரிசாச் சொல்லு, பிள்ளை."

சொன்னான்.